மெசினுக்குக் காய்ச்சல்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு மாடிப்படிக்கு அடியில், இரண்டு கொம்பியூட்டர்களும் ஒரு போட்டோகொப்பி மெசினும் ஒரு பிரிண்டரும் அக்காவும் இருந்தார்கள். மெசின்களையும் சேர்த்து ‘இருந்தார்கள்’ என்று எழுதுவது தவறுதான். ஆனால் அந்தக் கடைக்குப் போய் வந்த எவரும் அதைத் திருத்த மாட்டார்கள். அந்தப் பிரிண்டருக்குக் காய்ச்சல் வரும். சில பேரைக் கண்டால் உடனே வரும். சில பேரைக் கண்டால் வந்த காய்ச்சலும் விட்டுவிடும்.

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். கடைப் பலகையில் இருந்தது அவருடைய பெயர் இல்லை. அவருக்கு முன்னால் அதே இடத்தில் தேங்காய் விற்றவரின் பெயர். அதை மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லையாம். கணவருக்குக் கண்டியில் அரசாங்க வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இருபது வருடம் இங்கே இருந்தும் அவர் பேச்சில் கண்டித் தமிழ் ஒரு சொல்கூட ஏறவில்லை. மாணவர்களுக்கும் அக்கா, விரிவுரையாளர்களுக்கும் அக்கா, தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

நாங்கள் படித்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் பட்டத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

தட்டச்சு செய்கிறவர்கள் பொதுவாக எழுத்தைப் பார்ப்பார்கள், விஷயத்தைப் பார்க்க மாட்டார்கள். அப்போதுதான் வேகம் வரும். அக்கா இரண்டையும் பார்த்தார், வேகமும் குறையவில்லை. கையெழுத்தில் நாம் கொடுக்கிற ஒப்படைக் கட்டுரையை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்து முடிப்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். அதைக் கண்டாலே கேள்வி வருகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

“தம்பி, ஒரு கேள்வி கேக்கட்டோ?”

கேள்வி எப்போதும் நாமே எழுதிக் கொடுத்ததிலிருந்துதான் வரும். என் முதல் ஒப்படை வகுப்பறை முகாமைத்துவம் பற்றியது. ஐந்தாம் பக்கத்தில் ‘நேர் மீளவலியுறுத்தல்’ என்று மூன்று தரம் எழுதியிருக்கிறீரே, அதை ஒரு பிள்ளைக்கு எப்படிச் செய்வீர் என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல்லை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்பது தெரியும். எந்த அலுமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது என்பதும் தெரியும். மற்றபடி ஒன்றும் தெரியாது. அக்கா பிரிண்டரின் மேல் உள்ளங்கையை வைத்தார், சுகமில்லாத பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல.

“மெசின் சூடாகிட்டுது தம்பி. கொஞ்சம் ஆறட்டும். இரும்.”

அங்கே இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். என் கையில் என் ஒப்படையைத் தவிர வாசிக்க வேறெதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் அதை வாசித்தேன். மாலை நாலு மணிக்குக் கதிரையை விட்டு எழுந்து அக்காவிடம் போய், தெல்தெனியவில் என் மாமாவின் டியூசன் வகுப்பில் நான் ஒரு பையனைப் பாராட்டப் போய் அவன் மறுநாள் முழுக்க முன் வரிசையில் வந்து உட்கார்ந்த கதையைச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிரிண்டரின் காய்ச்சல் அந்த நிமிடமே விட்டது.

எனக்குப் பின்னால் நின்ற கலகெதரப் பெண் முதல் தடவையிலேயே தப்பிவிட்டாள். எங்கள் வகுப்புத்தான். தினமும் கலகெதரவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் ஒப்படை மறதியைப் பற்றியது. உமக்கு அப்படி மறந்துபோனது ஏதும் இருக்கோ என்று அக்கா கேட்டார்.

“நேத்து படிச்சத பஸ்ஸுல சொல்லிப் பாத்துக்கிட்டே வருவேன் அக்கா. கட்டுகஸ்தோட்ட வரைக்கும் வரும். பாலம் தாண்டினா காணாமப் போயிரும்” என்றாள் அவள்.

அக்காவுக்கு அந்தப் பாலம் மிகவும் பிடித்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பெண் கடைக்கு வரும்போதெல்லாம், இன்றைக்குப் பாலம் தாண்டி எவ்வளவு வந்தது என்று விசாரிப்பார்.

அப்படியென்றால் வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கண்டியில் கொம்பியூட்டர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தமிழில் பிழையில்லாமல், கேட்ட நேரத்துக்கு அடித்துத் தர எங்களுக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை. அதனால் எல்லோரும் திட்டிக்கொண்டே அக்காவிடம் போனோம். நான் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன். மூன்று வருடப் படிப்பில் என் எழுத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டவர் அவர் மட்டும்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் நிறுவனத்துக்குப் புரொஜெக்டர் வந்தது. அது வந்த வாரம் வாணி விழா. சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு புரொஜெக்டரையும் வைத்துப் பூசை செய்தார்கள். பக்தி மிகுந்த யாரோ அதன் கண்ணாடியிலேயே சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குத் திரையில் என்ன பாடம் ஓடினாலும் நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் இருந்தது. பிறகு அதைத் துடைத்துச் சரிசெய்து, கறுப்புப் பையில் போட்டு மண்டபத்துக்கு மண்டபம் தூக்கிக்கொண்டு போகும் பொறுப்பு ஒரு சிற்றூழியருக்கு வந்தது. அவரை நாங்கள் புரொஜெக்டர் அண்ணன் என்போம். பாடம் முடியும்வரை மெசினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. பாவம், நின்றார்.

எங்கள் கல்வி உளவியல் சேர் நல்ல மனுசன். யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சோக் கட்டியோடு இருந்த காலத்தில் மெதுவாக எழுதுவார், இருமுவார், எழுதியதை அழித்துவிட்டு இன்னொரு விதமாகச் சொல்வார். நாங்களும் எழுதிக்கொள்வோம். புரொஜெக்டர் வந்ததும் அவர் தன் பழைய குறிப்புகளையெல்லாம் அக்காவிடம் கொடுத்து ஸ்லைட் ஆக்கிக்கொண்டார். அதன்பிறகு எங்களுக்கு அவருடைய முதுகும் திரையும்தான். முதலாவதாக என்று தொடங்கி ஒன்பதாவதாக என்று முடியும் வரை, திரையில் இருப்பதைத் திரையைப் பார்த்தே வாசிப்பார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டிருப்பார்கள். கண்டிக் குளிருக்கும் அந்த இருட்டுக்கும் வருகிற தூக்கம் இருக்கிறதே, அது வீட்டுக் கட்டிலில்கூட வராது. ஸ்லைட் பிரதி அக்காவின் கடையில் கிடைக்கும் என்பதால் யாரும் பேனையைத் திறப்பதில்லை. பிரதியை வாங்குவோம், பைலில் போடுவோம். பைல் கொழுத்துக்கொண்டே போனது.

அக்கா இதையெல்லாம் கடையில் இருந்தபடியே கணித்துவிட்டார். பிரதி வாங்க வருகிற யாரிடம் கேட்டாலும், போன வாரத்துப் பிரதியில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் சேரின் ஸ்லைட்டுகளில், கற்றலைப் பாதிக்கும் காரணிகள் என்ற பட்டியலுக்கு நடுவில், நான்காவது இடத்தில் ஒரு வரியைத் தானாகச் சேர்த்துவிட்டார். ‘இந்த வரியைக் கவனித்தவர்கள் கடைக்கு வந்தால் அக்கா பிளேன்டீ தருவார்.’ அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் சேர் வாசித்தார். மூன்றாவதாக, ஊக்கல். நான்காவதாக, இந்த வரியைக் கவனித்தவர்கள் கடைக்கு வந்தால் அக்கா பிளேன்டீ தருவார். ஐந்தாவதாக, கற்றல் சூழல். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தோம். நான் இரண்டாம் வரிசை. அன்றைய திகதியைக் கொப்பியில் அழகாக எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அன்று பின்னேரம் அந்த ஸ்லைட் பிரதியை வாங்கக் கடைக்குப் போனபோது, ஒரு தட்டில் பத்துக் கப் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் புரொஜெக்டர் அண்ணன் கடைக்கு வந்தார். கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார்.

“டீ குடுக்கிறதா சேர் வாசிச்சாருங்க. மாணவங்களுக்கு மட்டுந்தானா, நமக்கும் உண்டுங்களா?”

அக்கா எழுந்து அவருக்குத் தன் கதிரையைக் கொடுத்தார். தேநீர் ஊற்றிக் கொடுத்தார், கூடவே ஒரு துண்டுக் கருப்பட்டியும். வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. அண்ணன் குடித்து முடித்த கப்பைக் கழுவிவிட்டு, மற்ற ஒன்பதையும் அலுமாரிக்குள் எடுத்து வைத்தார். அவர் அதற்காகச் சிரிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எனக்கு அது என்னவோ செய்தது.

“நானும் கேட்டேன் அக்கா அந்த வரிய” என்றேன்.

“அப்ப ஏன் வரேல்லை?”

“நான் டீ குடிக்கிறதில்ல.”

அக்கா என் சட்டைப் பையைப் பார்த்தார். பஸ் நிலையக் கடையில் காலையில் சிந்திய தேநீர்க் கறை அதில் பெரிதாக இருந்தது. என் பிரதியை எடுத்துத் தந்தார்.

இறுதி ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். அந்தச் சேர்தான் எனக்கு மேற்பார்வையாளர். புரொஜெக்டர் மோகத்தில் இருந்தவர், எனக்குக் கொடுத்த தலைப்பு: ‘உயர்கல்வியில் மாணவர் கற்றலைத் தொழில்நுட்பம் மேம்படுத்துகிறதா?’ கேள்விக்குறியைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். ஆம் என்ற பதிலோடுதான் அந்தக் கேள்வியைக் கொடுத்தார்.

எனக்கும் வசதியாகப் போயிற்று. இணையத்தில் தேடினால் எங்கோ ஒரு வெளிநாட்டில் யாரோ பாடுபட்டுச் செய்த ஆய்வு முழுசாகக் கிடைத்தது. இரவல் அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கினேன். அந்த நாட்டின் பெயர் வந்த இடத்திலெல்லாம் இலங்கை என்று போட்டேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்த இடத்திலெல்லாம் எமது நிறுவனம் என்று போட்டேன். இதற்கே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் மூன்று அத்தியாயங்கள் பிரச்சினையில்லாமல் போயின. அவை எல்லோருடைய ஆய்வேட்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அக்காவே சலித்துப்போயிருந்தார். நான்காம் அத்தியாயம்தான் முடிவுகள். அதைக் கடைசி நாளுக்கு முதல் நாள் மாலையில் கொடுத்தேன். மறுநாள் பிற்பகல் நாலு மணிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்த வருட மாணவர்களோடுதான். தெல்தெனியவில் ஒரு பாடசாலை அதிபர் எனக்காக ஓர் ஆசிரியர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். பெறுபேறு இல்லாமல் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அப்பா மாநகர சபையில் இருந்து ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருந்தது. ஒரு வருடம் என்பது எங்கள் வீட்டில் தாங்கக்கூடிய விஷயம் இல்லை.

காலை எட்டரைக்குப் போனேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எமது நிறுவனத்தில முந்நூறு பேர் இருக்கிற மண்டபத்தில, ஒவ்வொரு பிள்ளையின்ர கையிலயும் ஒரு பொத்தான் கருவி குடுத்து, சேர் கேள்வி கேக்கக் கேக்க அமத்தினவை எண்டு எழுதியிருக்கிறீர். அந்த மண்டபம் எங்க இருக்கு?”

எங்கள் நிறுவனத்தின் பெரிய மண்டபத்தில் அறுபது கதிரை. அதில் எட்டுக்குக் கை இல்லை. நான் சுவரைப் பார்த்தேன்.

“சரி, அதை விடும். நேர்காணல் செய்த மாணவர் எல்லாரும் மகிழ்ச்சி தெரிவிச்சவையாம். அதில ஒரு ஆளின்ர பேர் சொல்லும். ஒரேயொரு ஆள் காணும்.”

அவருடைய கை பிரிண்டரை நோக்கிப் போவதைப் பார்த்தேன். அக்கா, தயவு செய்து இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். வேலையைப் பற்றிச் சொன்னேன், அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் இளகியது. ஆனால் மெசின் இளகவில்லை. காய்ச்சல் கடுமையாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் குரலை இறக்கி, சரி அக்கா, பைலை மட்டும் பென்டிரைவில் போட்டுத் தாங்க, வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டு வருகிறேன் என்றேன். உடனே தந்தார். ஒரு மறுப்பும் இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கா போவேன்? நேரே நகர மத்தியில் புதிதாகத் திறந்திருந்த கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். ஏசி, பளபளவென்று நாலு பிரிண்டர், கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்காத இடம். பென்டிரைவைச் சொருகினார்கள். பைல் திறந்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகக் கொட்டிக் கிடந்தன. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு அப்படி. அது இல்லாத கொம்பியூட்டரில் தமிழ் தமிழாகத் தெரியாது. அந்தக் கடையில் சிங்களமும் ஆங்கிலமும்தான் இருந்தன. இது என்ன மொழி என்று இளைஞர் கேட்டார். என் ஆய்வேடு என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு, இப்படியே பிரிண்ட் எடுக்கவா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது மணி பத்தரை. அக்கா கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அங்கத்தை மெசின் நல்லதோ?”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது என்பதை மறைப்பானேன், வந்தது. அக்கா பக்கத்தில் வந்து நின்றார். இன்னும் ஐந்தரை மணித்தியாலம் இருக்கிறது என்றார். அத்தியாயம் பன்னிரண்டு பக்கம்தான் என்றார். கடையில் காத்து நிற்கிற வரிசையைக் காட்டினார்.

“உதுகள் எல்லாம் மாணவர்தானே. கேளும். நீர் கேட்டு எழுதும், நான் அடிக்கிறன்.”

அப்படித்தான் என் வாழ்க்கையின் முதல் ஆய்வைச் செய்தேன். கூச்சத்தோடுதான் தொடங்கினேன். முதலில் அகப்பட்டவன் எங்கள் வகுப்பு நண்பன். புரொஜெக்டர் வந்ததால் தனக்கு மிகுந்த பயன் என்றான். என்ன பயன் என்றேன். இருட்டில் நன்றாகத் தூக்கம் வருகிறது என்றான். எழுதிக்கொண்டேன். கலகெதரப் பெண் பதினொரு மணிக்கு வந்தாள். அவள் சேரின் பழைய வகுப்புகளைக் கைபேசியில் பதிந்து வைத்திருந்தாள். பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வருவாளாம். நடுவில் நிறுத்தி, அடுத்து சேர் என்ன சொல்வார் என்று தானே சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு மிச்சத்தைக் கேட்பாளாம். இப்போது பாலம் தாண்டி வருகிறது அக்கா என்றாள். அக்கா அடித்துக்கொண்டே சிரித்தார். அதையும் எழுதினேன். ஒரே தொழில்நுட்பம் ஒருவனைத் தூங்க வைத்தது, ஒருத்தியைப் பாலம் தாண்ட வைத்தது. இதை என்னவென்று முடிவு கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினேன்.

மத்தியானம் புரொஜெக்டர் அண்ணன் அலுவலகப் பிரதிகளோடு வந்தார். அவரிடமும் கேட்டேன். தன்னிடம் இதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை என்று கொஞ்ச நேரம் தயங்கினார்.

“கரண்ட் போற நாள்ல சேர் நல்லா படிப்பிப்பாருங்க. இந்தப் பக்கம் திரும்பிருவாரு. அன்னைக்கு எனக்கே வெளங்கும்.”

அதையும் எழுதினேன், மேற்பார்வையாளர் அந்தச் சேர்தான் என்பது நினைவிருந்தும். அந்த அவசரத்தில் எனக்கு ஒரு துணிச்சல் வந்திருந்தது. கடைசியாக அக்காவிடமே ஒரு கேள்வி கேட்டேன். டைப்ரைட்டர் காலத்திலிருந்து இந்த வேலை செய்கிறவர் அவர். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒழுங்காகப் படித்தார்களா?

“எங்க? அவையளும் பாத்துத்தான் எழுதினவை. கையால பாத்து எழுதினவை, அவ்வளவுதான். மெசினில பிழை சொல்லாதேயும். கேக்கிறதுக்கு ஆள் இல்லை.”

நான் ஒரு பக்கம் எழுதி நீட்டுவேன், அவர் அடுத்த பக்கம் வருவதற்குள் அடித்து முடித்துவிடுவார். மூன்று மணிக்குக் கடைசித் தாள் போனது. ஆய்வின் குறைபாடுகளைச் சொல்லும் ‘ஆய்வின் வரையறைகள்’ என்ற பகுதியை எழுத எனக்குக் கை ஓடவில்லை. மூன்று வரையறைகளை வாயால் சொன்னேன், அவரே வாக்கியமாக்கி அடித்துக்கொண்டார். பிரிண்டருக்கு அன்று ஒரு சின்ன இருமல்கூட இல்லை. இரண்டு பிரதிகளைச் சுருள் கம்பி போட்டுக் கட்டி, புரொஜெக்டர் அண்ணனோடு திரீவீலரில் ஏறினேன். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலக முத்திரை விழுந்தது. அண்ணன் என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டார்.

நேர்முகப் பரீட்சை மூன்று வாரம் கழித்து. என் பிரதிக்குச் சிவப்பு அட்டையும் பொன்னெழுத்தும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் சேரும், வெளியிலிருந்து வந்த ஒரு மேடமும். சேர் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து வைத்திருந்தார். கரண்ட் போற நாள் என்ற வரிக்குப் பென்சிலால் கோடு போட்டிருப்பது தலைகீழாகவே எனக்குத் தெரிந்தது. என் வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் மேலும் இரண்டு மூன்று தாள்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து மேடத்துக்குக் காட்டினார். மேடம் வாசித்துவிட்டு அவசரமாகத் தண்ணீர் குடித்தார். சேர் கண்ணாடியைக் கழற்றி என்னை நேராகப் பார்த்தார்.

“தம்பி, இத நீங்க முழுசா வாசிச்சீங்களா?”

“வாசிச்சேன் சேர். பல தடவை.”

சேர் உதட்டை மடித்துக் கொண்டிருந்தார். பிறகு, நான்காம் அத்தியாயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வேறு கேள்வியே கேட்கவில்லை.

அன்று மாலை ஒரு கிலோ திராட்சையோடு அக்காவிடம் ஓடினேன். என்ன கேட்டவர் என்றார். முழுசா வாசிச்சீங்களா என்று கேட்டதாகச் சொன்னேன். நீர் என்ன சொன்னனீர் என்றார். பல தடவை என்று சொன்னேன் என்றேன். அக்கா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை, பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். என் வெற்றியில் அவருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதன்பிறகு தெல்தெனியவில் ஆசிரியர் வேலை, மேற்படிப்பு, திருமணம். அக்கா சில வருடங்களில் கடையை மூடிவிட்டு மகளோடு வெளிநாடு போய்விட்டார். அங்கே எந்த மெசினுக்குக் காய்ச்சல் வரவழைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. சேர் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஸ்லைட்டுக்கும் பிறகு புரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டார் என்று பிந்தி வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு என் ஆய்வேடுதான் காரணம் என்று நான் எனக்குள் மார் தட்டிக்கொள்வதுண்டு.

இப்போது நானே அதே நிறுவனத்தில் விரிவுரையாளர். போன வருடம் பழைய ஆய்வேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் திட்டம் வந்தது. பொறுப்பு என் தலையில். என் ஆய்வேட்டின் அலுவலகப் பிரதி கரையான் அரித்துக் கிடந்ததால், வீட்டு அலுமாரியில் இருந்த சிவப்பு அட்டைப் பிரதியைக் கொண்டு போனேன். பொன்னெழுத்து இன்னும் பளிச்சென்று இருந்தது. அட்டை ஒரு தடவைகூட முழுதாக விரிக்கப்படாததால் அப்படி. ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் கவிழ்க்கும்போது கண் தானாக வரிகளில் ஓடுமல்லவா? எண்பத்தோராம் பக்கம். ஆய்வின் வரையறைகள். முதலாவதாக, கால அவகாசம் போதாமை. இரண்டாவதாக, மாதிரியின் சிறுமை. மூன்றாவதாக, ஒரே ஒரு நகரத்தில் தகவல் திரட்டியமை.

நான் அக்காவிடம் சொன்னது மூன்று. அச்சில் நாலு இருந்தது.

‘நான்காவதாக, இந்த ஆய்வேட்டை எழுதியவர் இதை வாசிக்கவில்லை. இந்த வரிக்கு வந்து சேர்ந்தவர் அவரிடம் ஒரு தரம் கேட்டுப் பார்க்கவும்.’

சேர் கேட்டிருந்தார். மேடம் தண்ணீர் குடித்திருந்தார். அக்கா பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தார். பல தடவை என்று சொன்ன என் குரல், பதினைந்து வருடம் தாண்டி, அந்தச் சின்ன அறையில் எனக்கே கேட்டது. காது மடல் இரண்டும் கொதித்தன.

பக்கத்தில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த நூலக உதவியாளர் என்னையும் நின்றுபோன ஸ்கேனரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னாங்க சேர், மெசின்ல ஏதும் பிழையா?”

நான் ஸ்கேனரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

“சூடாயிருச்சு மிஸ்” என்றேன். “கொஞ்சம் ஆறட்டும்.”

பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.